வாடகை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இன்ஷூரன்ஸ் எதற்கெல்லாம் கிடைக்கும்? வீட்டு உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை!

2015 டிசம்பர் பெருவெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியை மூழ்கடித்த மழை... ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்ததும் வாடகை வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். சுவர் ஊறிப்போச்சு, மோட்டார் போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு. செலவு யார் தலையில்?

சரியான பாலிசி இருந்தால் வீட்டு உரிமையாளருக்குப் பாதிச் சுமை குறையும். ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

லோன் எடுக்கும்போதே இன்ஷூரன்ஸ் போட்டாங்களே, அது போதாதா?

போதாமல் போகலாம். வீட்டுக் கடனோடு சேர்த்துத் தரப்படுவது பல நேரங்களில் கடன் வாங்கியவருக்கான ஆயுள் காப்பீடுதான். அவர் இறந்தால் கடன் அடைபடும். வெள்ளம் வந்தால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் பாலிசி கட்டடத்துக்கானதா, ஆளுக்கானதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டுமா?

வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ எல்லாம் இதிலேயே அடக்கம். மதில் சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவையும் கட்டடக் கணக்கில் வரும்.

கட்டடத்துக்கான தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டில் உள்ள உங்கள் பொருட்களுக்கும் கவர் உண்டு. உதாரணமாக, கட்டடத்துக்கு 20 லட்சம் என்றால், நீங்கள் வாங்கி வைத்த ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோவுக்கு 4 லட்சம் வரை.

வெள்ளத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டுக்கும் கவர் உண்டு.

வாடகை நின்றுபோனால்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. வெள்ளச் சேதத்தால் வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போனால், அந்தக் காலத்துக்கான வாடகை இழப்பையும் கோரலாம். மாதம் 15,000 ரூபாய் வாடகை, பழுது பார்க்க 3 மாதம் என்றால் 45,000 ரூபாய். இதற்கு வாடகை ஒப்பந்தமும், வாடகை வந்ததற்கான வங்கிக் கணக்கு விவரமும் கைகொடுக்கும்.

அதேநேரம், வீடு நன்றாகத்தான் இருக்கு, 'இந்த ஏரியாவில் தண்ணி வருது' என்று பயந்து குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார் என்றால் பணம் வராது. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டின் சந்தை மதிப்பு குறைந்தாலும் அப்படித்தான்.

குடியிருப்பவரின் பொருட்கள்?

உரிமையாளரின் பாலிசியில் அவை சேராது. குடியிருப்பவர் தன் பொருட்களுக்கு மட்டும் தனியாக பாலிசி எடுக்கலாம், சொந்த வீடு இருக்க வேண்டிய அவசியமில்லை. கார், பைக்குக்கு மோட்டார் இன்ஷூரன்ஸ்தான்.

எங்கே சறுக்கும்?

* சொந்தக் குடியிருப்பு என்று சொல்லி பாலிசி எடுத்து, பிறகு வாடகைக்கு விட்டால், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடந்தாலும் சொல்லிவிடுங்கள்.
* கடைக்கோ ஆபீஸுக்கோ விட்டிருந்தால் வீட்டு பாலிசி பொருந்தாது.
* காப்பீட்டுத் தொகை என்பது மீண்டும் கட்ட ஆகும் செலவு. மனை விலையைச் சேர்த்து பிரீமியம் கட்ட வேண்டாம்.
* பழைய நீர்க்கசிவை வெள்ளத்தின் கணக்கில் எழுத முடியாது.

தண்ணீர் புகுந்துவிட்டால்?

மின் இணைப்பைத் துண்டித்த பிறகே உள்ளே போங்கள். சுத்தம் செய்யும் முன், சுவரில் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை கெட்டுப்போன பொருட்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கோரிக்கையை நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை. சென்னையிலும் அலுவலகம் உண்டு. ஐஆர்டிஏஐ உதவி எண் 155255.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பாலிசி தொடங்கும் முன் நடந்த சேதத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். எனவே, தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே பாலிசியைப் பிரித்துப் படித்துவிடுங்கள்.