பாலைவனத்தில் கிடந்த விமானமும் ஒரு மூடித் தண்ணீரும்

போரில் விழுந்த விமானங்கள் கடைசியில் என்ன ஆகும்? பல கடலுக்கடியில் கிடக்கின்றன, பல அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன. அபூர்வமாகச் சில, விழுந்த இடத்திலேயே அப்படியே காத்திருக்கும். இந்தத் தலைப்பில் நான் படித்தவற்றில் என்னை விடாமல் துரத்துவது 'லேடி பி குட்' கதைதான்.

1943 ஏப்ரல் 4. லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம் அது. உள்ளே ஒன்பது பேர். எல்லாருக்கும் சேர்ந்து அதுதான் முதல் தாக்குதல்.

திரும்பும்போது நள்ளிரவு. ரேடியோவில் திசை கேட்டார்கள், தளமும் சொன்னது. சிக்கல் அங்கேதான். அந்தக் காலத்து வளைய ஆன்டெனா, சிக்னல் வரும் கோட்டை மட்டும்தான் காட்டும். கோட்டின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று சொல்லாது. தண்டவாளத்தில் காதை வைத்தால் ரயில் வருவது தெரியும், எந்தப் பக்கமிருந்துன்னு தெரியாது இல்லையா? அதே மாதிரி. விமானம் தளத்தைத் தாண்டி பாலைவனத்துக்குள் போயிருந்தது. இன்னும் கடல்மேல்தான் இருக்கிறோம் என்று நம்பிப் பறந்துகொண்டே இருந்தார்கள் என்பதுதான் பொதுவான விளக்கம்.

எரிபொருள் தீர்ந்துவர, அதிகாலை 2 மணிவாக்கில் பாராசூட்டில் குதித்தார்கள். ஒருவரின் பாராசூட் சரியாக விரியவில்லை. மிச்சம் எட்டு பேர், கடற்கரை பக்கத்தில்தான் என்று நினைத்து வடமேற்கே நடந்தார்கள். உண்மையில் அது 600 கிலோமீட்டருக்கும் அப்பால். கையில் அரைக் குடுவைத் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மூடி. துணை விமானி ராபர்ட் டோனரின் நாட்குறிப்பு ஏப்ரல் 12-ஓடு நின்றுவிடுகிறது. ஐந்து பேர் 100 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து விழுந்தார்கள். ஒருவர் அதற்கு மேலும் சுமார் 40 கிலோமீட்டர் போயிருந்தார்.

ஆளில்லாத விமானமோ, தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போய்த் தானாகவே வயிற்றால் தரையிறங்கியது. உடல் இரண்டாக முறிந்ததே தவிர, பெரிதாகச் சிதையவில்லை. 1958-இல் எண்ணெய் தேடிய குழு வானிலிருந்து அதைப் பார்த்தது. 1959-இல் நேரில் போனவர்களுக்கு ஆச்சரியம்: துப்பாக்கி சுட்டது, ரேடியோ வேலை செய்தது, உள்ளே குடிக்கத் தண்ணீரும் இருந்தது! ஈரமில்லாத காற்று எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தது.

1960-இல் எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்பதாவது ஆள் அதிகாரபூர்வமாக இன்னும் காணாமல் போனவர்தான். விமானத்தை 1994-இல் லிபியா அகற்றி, தோப்ருக் பக்கம் கொண்டுபோனது.

ரேடியோவும் தண்ணீரும் தெற்கே இருந்தன. எட்டு பேரும் வடக்கே நடந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், நானும் வடக்கேதான் நடந்திருப்பேன்.