உங்களுக்குத் தெரியுமா? வீடில்லாதவருக்கும் உரிமை உண்டு!

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலும் பழனி அடிவாரத்திலும் ராத்திரியில் துண்டை விரித்துப் படுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. அதை நாம்தான் தெரிந்துவைத்திருப்பதில்லை.

● கதவு எண் இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. படிவம் 6-இல் தான் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கேயே வந்து பார்ப்பார். விண்ணப்பித்தவர் அங்கேதான் தூங்குகிறார் என்பது உறுதியானால், முகவரிச் சான்று தேவையில்லை என்கிறது தேர்தல் ஆணையம்.

● 1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகளுக்காகத் தொடரப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அகற்றுவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும்.

● ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். இது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. அப்படியானால் இரண்டு காப்பகங்கள், 200 பேருக்கு இடம். மாநகராட்சியிடம் நாம் உரிமையோடு கேட்க வேண்டிய கணக்கு இது.

● மனநலம் குன்றித் தெருவில் திரிபவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி 24 மணி நேரத்துக்குள் போலீசார் அவரைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் காவல் நிலையத்தின் கடமை. அரசு மருத்துவமனைகளில் வீடற்றவருக்கு மனநலச் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கேட்கக் கூடாது.

● பொழுது சாய்ந்த பிறகு, விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் போலீஸ் அதிகாரி கைது செய்யலாம். வீட்டில் இருப்பவருக்கும் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவருக்கும் விதி ஒன்றே.

● பசிக்காகக் கையேந்துவதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சை தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

● உயிருக்குப் போராடுபவரை இடமில்லை என்று அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது அடிப்படை உரிமை மீறல். உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது 1996-இல்.

● ஆதரவற்ற குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. தெருவில் படுத்திருப்பவரிடம் போன் இல்லாமல் இருக்கலாம். நம்மிடம் இருக்கிறது, அவருக்காக நாம் அழைப்போம்.