அத்தை தந்த நீராகாரமும் டாக்டர் தந்த திட்டும்



என் வயது 43. ஊர் விருதுநகர் பக்கம். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் பங்குனியில் மகனுக்கு பிளஸ் டூ பரீட்சை. காலை நாலரை மணிக்கு எழுந்து, ராத்திரி அவன் படித்து முடிக்கும்வரை நானும் விழித்திருப்பேன். நடுவில் நாலைந்து தடவை டீ. தண்ணீர் குடித்தேனா என்று கேட்டால் ஞாபகமே இருக்காது. பதினொரு மணிக்கு அடுப்படியில் நிற்கும்போது கண்ணை இருட்டும். ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுக்கும். யார் எது கேட்டாலும் எரிச்சல். "பரீட்சை எனக்கா, உனக்காம்மா? எப்பப் பாரு எரிஞ்சு விழுற" என்று மகனே கேட்டுவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைப் பார்த்த அத்தை (என் மாமியார்), "டீயை ஊத்திக்கிட்டே திரிஞ்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லி, அன்றைக்கு ராத்திரியே மண் சட்டியில் மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் அந்த நீராகாரத்தை வடித்து, கொஞ்சம் மோர், உப்பு, தட்டின சின்ன வெங்காயம் இரண்டு போட்டுக் கொடுத்தார். பதினொரு மணிக்கு நீர்மோர்: ஒரு டம்ளர் தயிருக்கு நாலு டம்ளர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. சாயந்திரம் டீக்குப் பதில் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம் போட்ட பானகம். ராம நவமிக்கு மட்டும் கரைக்கிற பானகத்தை நித்தமும் குடித்தது அப்போதுதான்!

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைத்தான் இந்தப் பானங்கள் செய்கின்றன. ஒரே வாரத்தில் கால் இழுப்பும் தலைவலியும் குறைந்துவிட்டன.

இதே உப்பும் இனிப்பும் எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன, தெரியுமா? 1971 வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா. ஊசி வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைத்த நீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னாராம். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு மூன்று, நான்காகக் குறைந்தது. சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் வேகமாக இழுத்துக்கொள்ளுமாம்.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் நல்லது. கிடைக்காத நேரத்துக்கு: கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாம் தலைதட்டி அளக்கணும், குவித்து அள்ளக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஒரு நாள் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

இனிதான் என் முட்டாள்தனம். எனக்கு நல்லது செய்த பானம் எல்லாருக்கும் நல்லதுதானே என்று, 71 வயது அத்தைக்கும் மூன்று வேளை உப்பு போட்ட மோர் கொடுத்தேன். அவரோ பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனால் பிரஷர் எகிறியிருந்தது. "மாத்திரையை நான் கொடுக்கிறேன், உப்பை நீங்க கொடுக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா பிடித்த பிடியில் எனக்கு முகம் செத்துவிட்டது. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர்கூட ஆகாதாம், அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடும் என்றார். சுகர்காரர்களுக்குப் பானகம் வேண்டாம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

திட்டி முடித்தவர் என்னையே உற்றுப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "உங்களுக்கு ரத்தம் இருக்கா, இல்லையா?" என்றார். கால் இழுப்பு போயிருந்தாலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் அசதியும் போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். சோதித்தால் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம்.

ஒரு வருடமாக மாதவிலக்கின்போது போக்கு அதிகம். வயசாகுது, அப்படித்தான் இருக்கும் என்று கணவரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறு கட்டி தெரிந்தது. பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லி அதற்கும் மருந்து கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சேராது, எலுமிச்சை ஜூஸோடு போடச் சொன்னார். நான் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் ரகம்! மூன்று மாதத்தில் 11.2 வந்தது. படி ஏறும்போது நடுவில் நிற்பது நின்றுவிட்டது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் நூற்றில் 57 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அதனால், மோரும் பானகமும் தாராளமாகக் குடியுங்கள். இரண்டு வாரத்தில் அசதி விடவில்லை என்றால், எந்தச் சட்டியிலும் பதில் தேடாமல் ரத்தம் சோதித்துவிடுங்கள். போக்கு அதிகம் என்றால் வெட்கப்படாமல் வாய் திறந்து சொல்லுங்கள்.

மகன் இப்போது காலேஜ் போகிறான். காலை நீராகாரம் எனக்கும் அவனுக்கும் தொடர்கிறது. அத்தைக்கு மட்டும் உப்பில்லாத மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் கொஞ்சம் தூக்கலாக. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, தெரியும்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் குடிக்கிறார். உப்பு ஜாடியை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன். போன வாரம் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அதையும் எடுத்து மாடியில் போட்டாயிற்று.

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்.