தட்டில் இல்லாதது தலையெழுத்தா?

ஆலையிலே உழைத்து அலுத்து வீடு திரும்பும் தோழர்களை ஒன்று கேட்கிறோம். தொட்டிலிலே கிடக்கும் உங்கள் பிள்ளை இன்று புதிதாக என்ன செய்தது? பார்த்தீர்களா?

நம் புலவர்கள் பார்த்தார்கள்! ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றனர். ஒன்பதாம் திங்களில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றனர். ஓராண்டு கடந்து தளர்நடை நடந்துவர, வாரானை பாடினர். ஆண்டவனுக்கும் அரசனுக்கும் பாடிய பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள், அன்றாடங்காய்ச்சியின் குழந்தைக்கும் உண்டு!

மருத்துவம் அதனை எடைபோட்டே காட்டுகிறது. பிறந்தபோதிருந்த எடை, ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரு மடங்கு, ஓராண்டில் மும்மடங்கு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூட வேண்டாம். பிறகு தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை. முதல் 2 ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. அப்போது சத்துக் குறைந்தால், பின்னர் ஈடுகட்டுவது எளிதல்ல.

பிள்ளை மெலிந்தால் "தலையெழுத்து" என்பார்கள். தட்டில் இல்லாததைத் தலையில் தேடுவதா?

எடை பார்க்கவும் சத்துமாவு தரவும் அங்கன்வாடி இருக்கிறது. 1975-இல் தொடங்கிய திட்டம் அது. தாய்தானே போகவேண்டும் என்று தந்தை ஒதுங்கலாமா? ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை, நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளை பேசக் கற்கிறது. மேடையிலே முழங்கும் நம் வாய், தொட்டிலருகே ஊமையாகலாமா? இன்றிரவே பேசுவோம்!