ஏழாண்டு ஆகாத வழக்கறிஞர்கள்

மலேசியாவில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விசித்திரமான சட்டப்பிரிவு ஒன்று இருந்தது. புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞர் மறுநாளே கொலை வழக்கில் ஆஜராகலாம். தூக்குக் கயிற்றிலிருந்து ஓர் உயிரைக் காப்பாற்ற வாதாடலாம். ஆனால் தம்முடைய சொந்தத் தொழில் அமைப்பின் செயற்குழுவில் ஒரு நாற்காலி பிடிக்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தில் பின்னால் செருகப்பட்ட 46ஏ பிரிவு அப்படித்தான் சொன்னது. 1987இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2006இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த ஏழாண்டுத் தடை ஒழிந்தது.

இந்தத் தடை வந்த கதையின் ஒரு முனை பினாங்கில் இருக்கிறது. 1977இல் பினாங்கு உயர் நீதிமன்றம் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தது. குற்றம், துப்பாக்கி வைத்திருந்தது. 1975இல் கொண்டுவரப்பட்ட அவசரகாலப் பாதுகாப்பு வழக்கு விதிகளின்படி, அப்படிப்பட்ட வழக்கில் சிறுவனையும் பெரியவனாகக் கருதித்தான் விசாரிக்க வேண்டும். தண்டனை பிறகு குறைக்கப்பட்டது என்றாலும் நாடே அதிர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வழக்கறிஞர்கள் கூடி, இந்த விதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் ஆஜராக வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார்கள். பினாங்கிலிருந்தே லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன இன்னொரு துப்பாக்கி வழக்கில், 1978 டிசம்பரில் அந்த விதிகளே செல்லாதவை என்று தீர்ப்பானது. தொழில் அமைப்பின் கடிவாளத்தை அரசு இறுக்கியதும் இதே காலகட்டத்தில்தான். ஏழாண்டுத் தடையும் அப்போது வந்ததே. இளம் வழக்கறிஞர்கள் கூட்டங்களில் துடிப்பாகப் பேசியதற்கு அரசு கொடுத்த பதில் இது என்றே வழக்கறிஞர்கள் பலர் அன்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்தது தவறு என்று சொல்லத் தோன்றவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். ஏழு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ அனுபவம் உள்ளவர்களுக்கென்றே மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் தேசிய இளம் வழக்கறிஞர் குழு இயங்குகிறது. பினாங்கு வழக்கறிஞர் குழுவின் வேலைகளிலும் அவர்களுக்கு இடம் உண்டு. 2009இல் தொடங்கி, அரசியலமைப்புச் சட்டத்தை எளிய கையேடுகளாக்கி மக்களிடம் கொண்டுபோன 'பெர்லெம்பாகாஆன்கு' இயக்கத்தில் ஓடியாடி வேலை செய்தவர்களில் பலர் இளையவர்களே. கதவு திறந்துவிட்டது. ஆனால் குற்றவியல் வழக்கறிஞராக வர விரும்புகிறவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் செயற்குழு அறையில் இல்லை; மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கிறது.

நீதிமன்றம் என்றால் பினாங்குக்கு ஒரு மூத்த பெருமை உண்டு. இன்றைய மலேசிய மண்ணில் ஆங்கிலேய முறை நீதிமன்றம் முதலில் வந்தது இங்கேதான். 1807இன் அரச சாசனம் கைக்கு வந்து, 1808இல் கார்ன்வாலிஸ் கோட்டையில் நீதிமன்றம் கூடியது. இப்போதைய நீதிமன்ற வளாகம் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அதற்கு எதிரே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்கு ஒரு நினைவுச் சின்னம். 1869இல் இறந்த அந்த ஸ்காட்லாந்து வழக்கறிஞர், ஐரோப்பியர் அல்லாத உள்ளூர் மக்களின் உரிமைக்காக வாதாடியவர். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் மாட்டிக்கொண்டு அந்த வழியே அவசரமாக நடக்கும் இளையவர்களில் எத்தனை பேர் நின்று அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார்களோ!

சட்டப் படிப்பு முடித்தவர் நேராக வழக்கறிஞராகிவிட முடியாது. மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். இதைத்தான் 'சேம்பரிங்' என்கிறார்கள். அந்த மூத்தவர் 'மாஸ்டர்'. மூன்று மாதம் முடிந்ததும் 'ஷார்ட் கால்' வாங்கினால், குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசலாம். சேம்பரிங் காலத்தில் இலவசச் சட்ட உதவிப் பணியும் செய்தாக வேண்டும். மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் நடத்தும் 'டாக் பிரீஃப்' அதில் ஒன்று. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் கூண்டில் நிற்பவருக்கு ஜாமீன் கேட்பதும், குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி முறையிடுவதும் அந்த வேலை.

முறையிடுவது என்றால் கெஞ்சுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போதைப் பொருள் உட்கொண்டதாக, போதைப் பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ் ஒரு பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 5,000 வெள்ளி அபராதம் அல்லது இரண்டு ஆண்டு சிறை. வழக்குப் பட்டியலில் அவன் பெயர் 'ஓ.கே.டி.', அதாவது ஓராங் கெனா துடு, குற்றம் சாட்டப்பட்டவன். குற்றச்சாட்டு மலாயில் இருக்கும், மொழிபெயர்ப்பாளர் வேகமாகத் தமிழில் சொல்லிவிட்டு "புரியுதா?" என்பார். பையன் தலையாட்டுவான். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் தாய்க்குத் தெரிய வேண்டியது ஒன்றே: "தம்பி, எம் புள்ளய எப்ப விடுவாங்க?"

அந்தக் கேள்விக்கான பதில் சேம்பரிங் மாணவர் கேட்கத் தெரிந்த நாலைந்து கேள்விகளில் இருக்கிறது. உனக்கு என்ன வயது? பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு அவனை இளங்குற்றவாளி என்கிறது. சிறைக்குப் பதில் வேறு வழிகளைக் கேட்கலாம். என்றைக்குப் பிடித்தார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் விலை அதிகம். பொதுவாகச் சிறைத் தண்டனை தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஓடும். நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட 282ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கைதான தேதியிலிருந்து கணக்கிடுமாறு கேட்டு மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டால், நான்கு மாதம் உள்ளே இருந்தவனுக்கு நான்கு மாதத் தண்டனை என்றாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கேட்க மறந்தால் இன்னும் நான்கு மாதம். ஒரே ஒரு வாக்கியம். ஜாமீன் கட்ட ஆளில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஏழைக்கு அதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இதற்கும் முந்தைய கட்டம் ரிமாண்ட். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. விசாரணைக்காக மேலும் லோக்கப்பில் வைக்க வேண்டுமானால் போலீஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின் கீழ் உத்தரவு கேட்கும். பதினான்கு ஆண்டுக்குக் குறைவான சிறைக்குரிய குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் நான்கு நாள், பிறகு மூன்று நாள். அதைவிடக் கடுமையான குற்றமென்றால் ஏழும் ஏழும். போலீஸ் கேட்பது முழு அளவாக இருக்கும். 'வாக்குமூலம் ஏற்கெனவே வாங்கியாயிற்று, பொருளும் கையில் இருக்கிறது, இன்னும் எதற்கு நான்கு நாள்?' என்று கேட்க ஒரு வழக்கறிஞர் இருந்தால் நான்கு இரண்டாகலாம்.

இரண்டு நாள் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஆ. குகனை நினைத்துக்கொள்ளலாம். 22 வயது இளைஞர். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். 2013இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. லோக்கப் மரணம் என்ற சொல்லை மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரிமாண்ட் விசாரணையில் வழக்கறிஞரின் கண் முதலில் தேட வேண்டியது சட்டப் புள்ளியை அல்ல, கட்சிக்காரரின் உடம்பில் காயம் இருக்கிறதா என்பதை. இருந்தால் அதை அங்கேயே சொல்லிப் பதிவாக்க வேண்டும். இதை எந்தச் சட்டக் கல்லூரித் தேர்விலும் கேட்பதில்லை.

இந்த வேலைக்கு நாடு தழுவிய வடிவம் கொடுத்தது 2011இல் தொடங்கப்பட்டு 2012 ஏப்ரலிலிருந்து சேவையில் இறங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம். மலாய்ப் பெயரின் சுருக்கத்தை வைத்து 'ஒய்.பி.ஜி.கே.' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பணம் அரசு தருகிறது; ஆள் வழக்கறிஞர் மன்றம் தருகிறது. கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை வரை உதவி கிடைக்கும்; பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் உண்டு. மரண தண்டனைக்குரிய வழக்குகள் மட்டும் இதில் சேரா. வசதியற்றவர்களுக்கு அவற்றில் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கிறது. ஒய்.பி.ஜி.கே. பட்டியலில் சேர வழக்கறிஞர்கள் அதற்கான பயிற்சி எடுக்க வேண்டும். கட்சிக்காரரே இல்லாத புதியவருக்கு இதுபோன்ற வாய்ப்பு வேறு எது? பெரிய அலுவலகத்தில் மூத்தவரின் கோப்பைச் சுமந்து இரண்டு ஆண்டில் பார்ப்பதைவிட அதிகமான மனிதர்களை இங்கே மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம்.

பார்த்தால் மட்டும் போதாது, பேசவும் பழக வேண்டும். குறுக்கு விசாரணை பிறவிக் கலை என்பது நம்மிடையே ஊறிப்போன மூடநம்பிக்கை. ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி ஜார்ஜ் ஹாம்பெல் வகுத்த முறை இன்று பல நாடுகளில் வழக்கறிஞர் பயிற்சிக்குப் பயன்படுகிறது. பயிற்சி பெறுபவர் சில நிமிடம் சாட்சியைக் கேள்வி கேட்பார். பயிற்றுநர் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துச் சொல்வார். பயிற்சி பெறுபவர் பேசிய அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்று விளக்கித் தாமே செய்து காட்டுவார். பிறகு அதே பகுதியை மறுபடி செய்ய வேண்டும். 'இல்லையா?' என்று முடித்துச் சாட்சியை ஆமாம் போட வைக்க வேண்டிய இடத்தில் 'ஏன் அங்கே போனீர்கள்?' என்று வாயைத் திறந்துவிட்டுச் சாட்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது புதியவர்களின் நிரந்தர நோய். அதைப் பயிற்சி அறையில் தீர்த்துக்கொண்டால் கட்சிக்காரரின் தலை தப்பும்.

பினாங்கில் இந்தத் தொழிலைப் பேசும்போது கர்பால் சிங்கை ஒதுக்க முடியாது. 1940இல் ஜார்ஜ்டவுனில் பிறந்து, சிங்கப்பூரில் சட்டம் படித்தவர். படிப்பை முடிக்க ஏழு ஆண்டு ஆனது. பதிவு செய்தது 1969இல். முதல் வகுப்பு மாணவர் இல்லை என்பதைத் தேர்வில் சறுக்கிய இளையவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1983 நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்ட இரண்டு ஆஸ்திரேலியர்களில் கெவின் பார்லோவுக்காக அவர் வாதாடினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் பினாங்கு நீதிமன்றத்தில் முகாம் போட்ட வழக்கு அது. தோற்றார். 1986 ஜூலை 7ஆம் தேதி இருவரும் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கர்பால் 2014 ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்தார். கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா 2023 ஏப்ரல் 3ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியபோது சட்டத்துறைத் துணையமைச்சராக இருந்தவர் அவருடைய மகன் ராம்கர்பால் சிங். ஜூலை 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குக் கிடைத்தது.

இளம் வழக்கறிஞர்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. முன்பு போதைப் பொருள் கடத்தல் நிரூபணமானால் நீதிபதிக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. தண்டனை பற்றிப் பேச வழக்கறிஞருக்கும் ஒன்றுமில்லை. இப்போது தூக்கா, ஆயுள் சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். அப்படியானால் அந்த மனிதர் வளர்ந்த விதம், வறுமை, நோய், வேலை, அவரை அனுப்பியது யார் என்பதெல்லாம் திரட்டிச் சொல்லப்பட வேண்டும். குடும்பத்தாரைத் தேடிப் போய்ப் பேசி, பள்ளிச் சான்றிதழும் மருத்துவக் குறிப்பும் சேகரிக்கும் இந்த வேலையில் இருபது ஆண்டு அனுபவம் என்று யாருக்கும் கிடையாது. மூத்தவருக்கும் புதிது, இளையவருக்கும் புதிது.

இவ்வளவு இருந்தும் குற்றவியல் பக்கம் நிலைப்பவர்கள் குறைவு. வீடு விற்கும் பத்திரம் எழுதினால் மாதக் கடைசியில் கை நனையும். லோக்கப்புக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தால் பெட்ரோல் காசு மிஞ்சினாலே அதிகம். வாடகையும் படிப்புக் கடனும் இருக்கும் இருபத்தாறு வயதுப் பிள்ளையிடம் சேவை மனப்பான்மை பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது நியாயமில்லை. இந்தியாவில் 2022 முதல் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் முறை என்ற ஒன்றை மாவட்டந்தோறும் கொண்டுவருகிறார்கள். தலைமை, துணை, உதவி என்று படிநிலைகள், முழுநேர வேலை, மாதச் சம்பளம். உதவி நிலையில் இளையவர்கள் சேர்ந்து மூத்தவரோடு தினமும் குற்றவியல் வழக்கு மட்டும் நடத்தலாம். குறைகள் இல்லாமல் இல்லை. என்றாலும் அரசுத் தரப்புக்கு மாதச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் இருக்கும்போது எதிர்த்தரப்புக்கும் அப்படி ஒருவர் இருப்பதே முறை. மலேசியாவிலும் அந்தத் திசையில் நடக்க வேண்டும்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாரையாவது போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அவருக்கு உரிமை தந்திருக்கிறது. எந்த நிலையத்தில் வைத்திருக்கிறார்கள், ரிமாண்ட் எப்போது என்று கேளுங்கள், ஒய்.பி.ஜி.கே. வழக்கறிஞர் வேண்டும் என்று சொல்லுங்கள். வருபவர் சின்னப் பெண்ணாகவோ இப்போதுதான் மீசை முளைத்த பையனாகவோ இருந்தால் "பெரியவர் யாரும் இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். அடையாள அட்டை, கைதான தேதி, நேரம், கைதானவர் சாப்பிடும் மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அந்த வழக்கறிஞர் கையில் கொடுங்கள்.