உங்களுக்குத் தெரியுமா? பாட்டி காலத்துப் பெயர் ‘சாராள்’

ஆபிரகாமின் மனைவிக்கு முதலில் சாராய் என்றுதான் பெயர். ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில் அது சாராள் ஆகிறது. எபிரெயத்தில் இளவரசி, சீமாட்டி என்று பொருள். 90 வயதில் ஈசாக்கைப் பெற்று, 127 வயது வரை வாழ்ந்தவர்!

தமிழ்நாட்டில் இப்பெயரை வாசலிலேயே தாங்கி நிற்பது பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி (1895). வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக்காரரான அந்த சாராள் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷனரியாக இருந்தவர் அவருடைய சகோதரர் ஜான் தக்கர். வராமலேயே தென்னிந்திய மிஷன் பணி பற்றிப் புத்தகமும் எழுதிவிட்டார் இந்த அம்மணி.

பழைய தமிழ் வேதாகமத்தில் ரெபெக்காள், மரியாள், தொற்காள் என்று பெண்கள் பலரும் ‘ஆள்’ சேர்த்தே வருவார்கள். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் சாரா, மரியா. இப்போது குழந்தைக்குச் சாராள் என்று வைத்தால், பள்ளி நோட்டில் அதுவே ‘ள்’ளை அடித்துவிடும்.