முதல் நபர் சுடும் ஆட்டங்களில் தாமதம்

முதல் நபர் சுடும் ஆட்டம் என்பது கதைமாந்தரின் கண்வழியே களத்தைக் கண்டு ஆடப்படும் நிகழ்பட ஆட்ட வகையாகும். இணையவழி ஆட்டத்தில் யார் முதலில் சுட்டார் என்பதைத் தொலைவிலுள்ள வழங்கிக் கணினியே தீர்மானிக்கிறது. ஒளியிழையில் சமிக்ஞை நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். எனவே திருப்பூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 3,100 கி.மீ. தொலைவிலுள்ள சிங்கப்பூருக்குச் சென்று திரும்பக் குறைந்தது 31 மில்லிநொடி ஆகும், 1,000 கி.மீ. தொலைவிலுள்ள மும்பைக்கு 10 மில்லிநொடி. வடங்கள் நேராகச் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் இது இன்னும் கூடும்.

1996 இல் வெளிவந்த குவேக்வேர்ல்டு, வழங்கியின் விடைக்குக் காத்திராமல் ஆடுபவரின் அசைவை அவரது கணினியிலேயே முன்கணித்துக் காட்டியது. பின்னர் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தில், சுட்டவர் திரையில் கண்ட கணத்திற்கு வழங்கி பின்னோக்கிச் சென்று குறியைச் சரிபார்த்தது. இதனால் சுவருக்குப் பின் மறைந்த பிறகும் ஒருவர் சுடப்பட்டு வீழ்வதுண்டு. வீழ்ந்தவருக்கு இது ஏமாற்று வேலையாகவே தோன்றும்!

வருங்கால ஆட்டங்களில் வரைகலையை விட இதுவே முதலில் கவனிக்கத்தக்கது. பின்னோக்கும் நேரத்திற்கு எல்லை வகுக்கலாம். ஆனால் எல்லை மிகக் குறுகினால் தொலைவில் இருப்பவரின் சரியான குறியும் தவறாகிவிடும். வீழ்ந்தவருக்கு இருதரப்புத் தாமதத்தையும் திரையில் காட்டுவது எளிது. வழங்கிகளை ஆடுவோருக்கு அருகில் நிறுவுவதே உறுதியான வழி. வேலரண்ட் ஆட்டத்திற்கு மும்பையில் வழங்கிகள் உள்ளன.